வேதாளரும் சாதுவனும்

மக்கள் விரும்பிப் படிக்கும் நூல்களைத் திறனாய்வாளர் படிப்பதில்லை. திறனாய்வாளர் புகழும் நூல்களை மக்கள் படிப்பதில்லை. தமிழுலகில் நெடுங்காலமாக நிலவிவரும் இந்த உடன்படிக்கையால் இரு சாராருக்கும் மனவமைதி கிடைத்திருக்கலாம். இலக்கியத்துக்கு நன்மை கிடைத்ததாகத் தெரியவில்லை. தொல்காப்பியர் இத்துணைக் கண்டிப்பானவர் அல்லர். செய்யுளியலில் உரைநடையின் வகைகளை எண்ணுமிடத்து, உண்மையோடு ஒட்டாத கட்டுக்கதைக்கும் நகைப்பூட்டும் கதைக்கும் அவர் இடம் ஒதுக்கியிருக்கிறார். அந்த இடத்தில் இன்று துப்பறியும் புதினமும் திரைப்படமும் படக்கதையும் நெருக்கியடித்து அமர்ந்திருக்கின்றன. அவற்றுள் படக்கதையைப் பற்றியே இங்குச் சிறப்பாக எண்ணிப் பார்க்க விரும்புகிறேன். கராச்சர்மாவில் இருந்துகொண்டு படிக்கும்போது அதில் தென்படுவன சில, சென்னையில் இருந்து படிப்போர்க்குத் தென்படாமற் போகக்கூடும்.

இத்தீவுகளுக்கும் சென்னைக்கும் இடையே ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடல். கப்பலுக்கு மூன்று நாள் வழி. தமிழ் இதழ்கள் கப்பலை நம்பியிருந்த காலத்தில், ஒரு தொடர்கதையின் இரண்டு மூன்று வாரப் பகுதிகளை ஒருங்கே படித்து முடிக்கும் பேறு தீவுத் தமிழர்க்கே உரியதாக இருந்தது. 2011ஆம் ஆண்டின் கணக்கெடுப்பின்படி இங்குத் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் நூற்றுக்கு ஏறத்தாழப் பதினைவர். தெருவில் பேசுவது இந்தி. பள்ளியில் எழுதுவது பெரும்பாலும் இந்தியோ ஆங்கிலமோ. தமிழெழுத்து பிள்ளைகளின் கண்ணில் நிலைக்க வேண்டுமாயின், அவர்களாகவே ஆசைப்பட்டு எடுக்கும் ஒரு நூல் வேண்டும். அந்தப் பணியைத் திருக்குறள் உரைகளைவிடச் சிவகாசியில் அச்சான படக்கதைகள் மிகுதியாகச் செய்தன என்று சொன்னால் சங்கத்துப் பெரியோர் என்மீது சினங்கொள்ள மாட்டார்கள் என நம்புகிறேன்.

படக்கதைகளின் சிறப்பை முதலில் சொல்லிவிடுதல் முறை. 1972இல் முத்து காமிக்ஸ் 'இரும்புக்கை மாயாவி'யோடு தொடங்கியது. மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து, இரும்புக்கை மட்டும் வெளியில் தெரியும் லூயிஸ் கிராண்டேல், பிரித்தானியச் சிறுவர் இதழொன்றில் 1962இல் பிறந்தவன். அங்கு அவனை இன்று நினைவில் வைத்திருப்போர் சிலரே. தமிழிலோ மாயாவி மூன்று தலைமுறையின் சொத்து. இதற்குக் காரணம் கதையின் விந்தை மட்டும் அன்று. ஆற்றல் பெற்ற கணத்திலேயே இவன் நல்லவனாகிவிடுவதில்லை; முதலில் திருடுகிறான், ஊரை மிரட்டுகிறான், பின்னரே திருந்துகிறான். வரம் பெற்ற அசுரர் கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது பழகிய வழி. 1984இல் தோன்றிய லயன் காமிக்ஸ் வழியே வந்த ஸ்பைடரும் குற்றவுலகுக்கு மன்னனாகும் ஆசையோடுதான் வருகிறான். அமெரிக்காவின் சூப்பர்மேனைப் படைத்த இருவருள் ஒருவரான ஜெரி சீகலே பின்னாளில் ஸ்பைடருக்கும் கதை எழுதினார் என்பது பலர் அறியாத செய்தி. குறையொன்றும் இல்லாத சூப்பர்மேனைவிடக் குறையுள்ள இந்தக் கூர்மண்டையனைத் தமிழ்ச் சிறுவர் நெஞ்சில் வைத்தது அவர்களுடைய இலக்கிய நுகர்வுக்குச் சான்று.

முகமூடி வீரன் என்பவன் முழுதும் மேனாட்டுச் சரக்கு என்று ஒதுக்குவோரும் உளர். நாமக்கல் கவிஞரின் புதினத்தைத் தழுவி 1954இல் வெளிவந்த 'மலைக்கள்ளன்' திரைப்படத்தை அவர்கள் மறந்துவிட்டனர். எம்.ஜி.ஆர். அதில் ஒருபுறம் செல்வ வணிகர், மறுபுறம் கள்வர். முகத்தை மறைத்து நன்மை செய்யும் நாயகனைத் தமிழ் மக்கள் அன்றே ஏற்றுக்கொண்டனர். பல மொழிகளிலும் அப்படம் மீண்டும் எடுக்கப்பட்டது. மிஷ்கினின் 'முகமூடி' (2012) அந்த வழியைத் தொடர முயன்று, உடைக்குக் கொடுத்த கருத்தைக் கதைக்குக் கொடுக்காமல் நின்றுவிட்டது. செய்தித்தாளில் வரும் படக்கதை நாயகனின் குரல் அதை வரையும் கோழையின் காதில் விழுவதாக அமைந்த 'மாவீரன்' (2023) இவற்றைவிடக் கூரிய கற்பனை. இவை எல்லாவற்றிலும் ஒன்று பொது. நாயகன் காப்பது தன் ஊராரை; உறவு சொல்லி அழைக்கத்தக்கவரை.

அவ்வாறு அல்லாத நாயகர் ஒருவர் உண்டு. அவர் வேதாளர்.

லீ ஃபாக் என்னும் அமெரிக்கர் 1936இல் படைத்த இவ்வீரர், 1964இல் தொடங்கிய இந்திரஜால் காமிக்ஸ் வழியே இந்திய மொழிகளில் பரவினார். முத்து காமிக்ஸில் அவர் பெயர் வேதாளர். ராணி காமிக்ஸில் முகமூடி வீரர் மாயாவி. கதையின் தோற்றுவாயை நினைவு கூர்வோம். 1536இல் கடற்கொள்ளையர் ஒரு கப்பலைத் தாக்குகின்றனர். உயிர் தப்பிய வெள்ளை இளைஞன் ஒருவன் கரை ஒதுங்குகிறான். பந்தர் எனப்படும் குள்ள இனத்துக் காட்டு மக்கள் அவனை எடுத்து, மருந்திட்டுக் காக்கின்றனர். தந்தையைக் கொன்றவனின் மண்டையோட்டின்மீது அவன் சூளுரைக்கிறான். அவனுக்குப்பின் மகன், மகனுக்குப்பின் பேரன் என இருபத்தொரு தலைமுறை அதே முகமூடியை அணிகின்றது. காட்டு மக்களோ ஒரே மனிதர் சாகாமல் வாழ்வதாக எண்ணி அஞ்சி வணங்குகின்றனர். பந்தர்களுக்கு மட்டும் உண்மை தெரியும். அவர்களின் தலைவன் குரான் வேதாளரின் நண்பன். நஞ்சு தோய்த்த அம்புகளோடு மண்டையோட்டுக் குகையைக் காப்பது பந்தர்களின் வேலை.

வேதாளர் கதைகளில் அழகு உண்டு. குகையில் முன்னோர் எழுதிய நாட்குறிப்புகள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும் காட்சி, நூலின்மீது ஆசை கொண்ட எந்தச் சிறுவனையும் கிறங்க வைக்கும். காட்டின் பழமொழிகள் என்று ஆசிரியர் புனைந்து இடையிடையே வைக்கும் வாசகங்களும் சுவையானவை. ஆனால் ஒரு கேள்வி. தம்மால் காப்பாற்றப்பட்டவனுக்கு அந்த மக்கள் நானூறு ஆண்டுகளாகக் காவல் நிற்பானேன்? அவர்களுள் ஒருவன் ஒருமுறையேனும் அந்த முகமூடியை அணிந்ததுண்டா? அவர்களின் மொழியில் ஒரு பாட்டு, ஒரு கதை, ஒரு சண்டை நம் செவிக்கு எட்டியதுண்டா? குரானுக்கு ஒரு பெயராவது இருக்கிறது. ஏனையோர் கட்டத்தின் ஓரத்தில் ஈட்டியோடு நிற்கும் கரிய கோடுகள்.

இந்திரஜால் பதிப்பாளர் ஒரு நுட்பம் செய்தனர். மூலத்தில் வேதாளரின் நாட்டுப் பெயர் வங்காளத்தை நினைவூட்டியதால் அதை டெங்காலி என்று மாற்றினர். கொள்ளையரின் சிங் என்னும் பெயர் ஒரு சமூகத்தாரின் மனத்தைப் புண்படுத்தலாம் என்று சிங்கா ஆக்கினர். நல்ல எண்ணந்தான். வங்காளிக்கும் சிங்குக்கும் கிடைத்த அந்தப் பரிவு பந்தருக்குக் கிடைக்கவில்லை. புண்படுத்தப்பட்டதாக வழக்குரைக்க அவருக்கு யாரும் இல்லை போலும். தமிழில் பந்தர் என்பது வெறும் பெயர். தெருவில் இந்தி பேசி வளரும் கராச்சர்மாச் சிறுவனுக்கோ அந்த ஒலி குரங்கைக் குறிக்கும். அவன் பக்கத்தைப் புரட்டும்போது சிரித்துக்கொள்வான். அந்தச் சிரிப்பைத்தான் திறனாய்வாளர் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஏனெனில் அவன் வாழும் தீவிலேயே வில்லும் அம்பும் ஏந்திய காட்டு மக்கள் வாழ்கின்றனர். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஜாரவாக்கள் 380 பேர். ஓங்கியரும் பெரிய அந்தமானியரும் அவர்களினும் மிகக் குறைவு. சென்னைச் சிறுவனுக்கு வேதாளர் கதை முழுக் கற்பனை, படித்து மறக்கலாம். தீவுச் சிறுவனுக்கு அது அண்டை வீட்டாரைப் பற்றிய முதற் பாடமாகி விடுகிறது.

இப்பாடம் வேதாளரோடு தொடங்கியதன்று. அந்தமான் மாந்தர்க்கு நாய்த்தலை என்று மார்க்கோ போலோ எழுதிவைத்தார். ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் காலந்தொட்டு ஆங்கிலத் துப்பறியும் கதைகளைத் தமிழாக்கி மகிழ்ந்தவர் நாம். ஷெர்லாக் ஹோம்ஸ் நமக்கும் உறவினர். ஆர்தர் கானன் டாயில் 1890இல் எழுதிய 'நால்வர் குறி' என்னும் புதினத்தில் டோங்கா என்றொரு அந்தமான் தீவினன் வருகிறான். ஊதுகுழலால் நச்சுமுள்ளை ஊதிக் கொல்கிறான். தேம்ஸ் ஆற்றில் சுடப்பட்டு வீழ்கிறான். அத்தீவினர் மனித ஊன் உண்போர் என்று ஹோம்ஸ் ஒரு நூலைப் படித்துக் காட்டுகிறார். உண்மை என்ன? அந்தமானியரிடம் ஊதுகுழல் கிடையாது. அவர்கள் அம்புக்கு நஞ்சு தோய்ப்பதில்லை. மனித ஊன் உண்டதற்குச் சான்றில்லை. டாயில் அந்தமானைக் கண்டவர் அல்லர். எனினும் ஹோப் டவுன், ஹாரியட் மலை என்று இடப்பெயர்களைச் சரியாகத்தான் எழுதினார். அவ்விடங்களை இன்றும் நாம் காணலாம். இடம் மெய்; மாந்தர் பொய். வெகுமக்கள் கதையின் இலக்கணமே இதுதானோ என்று ஐயுற வேண்டியிருக்கிறது.

நம் பழைய இலக்கணத்தின் சொற்களில் சொன்னால் இது மேலும் தெளிவாகும். முதற்பொருளாகிய நிலமும் பொழுதும் கருப்பொருளின்றிக் கவிதையாகா. கருப்பொருளில் மரமும் மாவும் மட்டும் அல்ல, அந்நிலத்து மக்களும் அவர்தம் தொழிலும் யாழும் பறையும் அடங்கும். அந்தமானைக் காட்டிய தமிழ்ப் படங்களை இவ்வுரைகல்லில் உரைத்துப் பார்க்கலாம். கு. சா. கிருஷ்ணமூர்த்தியின் நாடகத்திலிருந்து 1952இல் உருவான 'அந்தமான் கைதி'யில் தீவு ஒரு தண்டனையின் பெயர். கதையின் உயிர் தமிழ்நாட்டுக் குடும்பம் ஒன்றின் சொத்திலும் பழியிலும் இருக்கிறது. முக்தா சீனிவாசன் இயக்கத்தில் சிவாஜி கணேசனும் சுஜாதாவும் நடித்த 'அந்தமான் காதலி' (1978) கடலையும் தென்னையையும் அள்ளிக் காட்டியது. கராச்சர்மாவில் யாரைக் கேட்டாலும் அப்படத்தின் பாடல்களைப் பாடுவார். ஆயினும் அங்கே தீவு காதலுக்குப் பின்னால் தொங்கும் திரைச்சீலைதான். பிரியதர்சனின் 'சிறைச்சாலை' (1996) இவற்றினும் மேம்பட்டது. செல்லுலார் சிறையின் கற்சுவருக்குள் அடைபட்டோரை வெறும் எண்களாக விடாமல் மனிதராக்கியது. அந்தச் சுவருக்கு வெளியே பரந்து கிடந்த தீவுக்கு யார் உரியவர் என்பது அதன் கேள்வி அன்று. அதற்காக அதைக் குறைகூறவும் இயலாது. மொத்தத்தில், நெய்தல் இருக்கிறது, பரதவர் இல்லை. குறிஞ்சி இருக்கிறது, குறவர் இல்லை. காட்டு மக்களை விடுங்கள்; துறைமுகத்திலும் சாலைப்பணியிலும் உழைத்து இவ்வூர்களை எழுப்பிய தமிழரும், இலங்கையிலிருந்து திரும்பிக் கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டத்தில் குடியேறிய தமிழரும் எந்தத் திரையில் முகம் காட்டினர்?

கரை ஒதுங்கியவன் கதை தமிழுக்குப் புதிதன்று என்பதை இவ்விடத்தில் நினைக்க வேண்டும். மணிமேகலையில் ஆதிரையின் கணவன் சாதுவன் வணிகத்துக்குக் கடல் கடக்கிறான். கலம் உடைகிறது. பாய்மரத் துண்டைப் பற்றிக்கொண்டு நாகர் வாழும் மலைப்பக்கம் சேர்ந்து, களைத்து ஒரு மரத்தடியில் துயில்கிறான். ஆடையற்ற நாகர் அவனை உணவென்று கருதிச் சூழ்கின்றனர். அவர்களின் நாட்டை நக்கவாரத்தோடு, அஃதாவது நிக்கோபாரோடு, இணைத்துப் பேசும் ஆய்வாளர் உண்டு. அது ஒருபுறம் இருக்க, காட்சி வேதாளர் கதைக்கு உடன்பிறப்பாக இருப்பதைக் காண்க. உடைந்த கலம், தனியனாய்க் கரையேறிய நாகரிகன், சுற்றி நிற்கும் காட்டு மாந்தர்.

அதற்கு மேல் நடப்பதுதான் வேறு. சாதுவன் அவர்களின் மொழியில் பேசுகிறான். அவ்வொரு செயல் அவனைக் காக்கிறது. அவனைத் தலைவனிடம் அழைத்துச் செல்கின்றனர். தலைவன் கள்ளும் பெண்ணும் தந்து உபசரிக்கச் சொல்கிறான், சாதுவன் மறுக்கிறான். உடனே தலைவன் பணிந்துவிடவில்லை. இவை இல்லாமல் வாழ்வில் என்ன பயன் என்று கேட்கிறான். உடலை விட்ட உயிர் போய்ப் புகும் வகை எவ்வாறு என்று மடக்குகிறான். சாதுவன் விளக்குகிறான், விளக்கியபின் நாகர்க்கு இயன்ற அறம் எதுவோ அதை மட்டும் சொல்கிறான். கலம் உடைந்து வருவோரைக் கொல்லாதீர், முதிர்ந்து இறக்கும் விலங்கைத் தவிர ஏனையவற்றைக் கொல்லாதீர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறான். பின்னர், வந்த கலமொன்றில் ஏறி ஊர் திரும்புகிறான்.

சாத்தனாரும் சார்பற்றவர் அல்லர். நாகரை அவர் வருணிக்கும் விதத்தில் இகழ்ச்சி இருக்கிறது. தலைவனும் மனைவியும் கரடியும் அதன் பிணையும்போல் இருந்தனர் என்பார். அறம் சாதுவன் பக்கம் என்பதில் அவருக்கு ஐயமில்லை. இருந்தும், பௌத்த சமயத்தைப் பரப்ப எழுந்த ஒரு காப்பியம் காட்டுத் தலைவனுக்கு வினவும் உரிமையைக் கொடுத்தது. இருபதாம் நூற்றாண்டின் படக்கதை அதைப் பறித்துக்கொண்டது. சாதுவன் அவர்களின் மொழியை அறிந்ததால் பிழைத்தான். வேதாளர் அவர்களின் அறியாமையால் ஆள்கிறார். சாதுவன் திரும்பிச் சென்றான். வேதாளர் இருபத்தொரு தலைமுறையாகத் திரும்பவில்லை. இவ்விரு கதைகளுக்கும் உள்ள தொலைவை நம் பிள்ளைகளுக்குக் காட்டும் வாய்ப்பு எந்தத் தமிழ்ப்பாட நூலைவிடவும் ஒரு பழைய ராணி காமிக்ஸ் இதழுக்கே மிகுதி என்பது என் துணிபு.

பொழுதுபோக்குக்காகப் படிப்பதன்மேல் இத்துணைப் பாரம் ஏற்றலாமா என்று கேட்பர். ஏற்ற வேண்டா என்றே நானும் எண்ணியிருப்பேன், அந்தமான் பெருஞ்சாலை ஒன்று இல்லாதிருந்தால். அச்சாலையில் வடக்கே சென்றால் ஜிர்காட்டாங் சோதனைச் சாவடி. அங்கிருந்து குறித்த நேரத்தில் வண்டிகள் அணியாகப் புறப்பட்டு ஜாரவாக்களின் காப்புக் காட்டை ஊடுருவிச் செல்லும். நிறுத்தலாகாது, படம் எடுக்கலாகாது, உணவு கொடுக்கலாகாது. பழங்குடியினரைக் காக்க 1956இலேயே தனி ஒழுங்குமுறைச் சட்டம் உண்டு. காப்புக் காட்டினூடே செல்லும் பகுதியை மூடுமாறு உச்ச நீதிமன்றம் 2002இல் ஆணையிட்டது. ஆனால் வண்டிகள் ஓடுவது நிற்கவில்லை. 2012 சனவரியில் ஆங்கில நாளேடு ஒன்று வெளியிட்ட ஒளிப்படக் காட்சியில், உணவைக் காட்டி ஜாரவாப் பெண்களை ஆடச் சொல்லும் குரல் கேட்டது. உலகம் முழுதும் அதைக் கண்டு வெட்கியது. அக்குரலுக்குரியவர் எந்தப் படக்கதையைப் படித்தவர் என்று கேட்பது வீண். ஆனால் வண்டியின் கண்ணாடிக்கு வெளியே நிற்பவர் தமக்காக நிறுத்தி வைக்கப்பட்ட காட்சி என்னும் எண்ணத்தை யாரும் கருவில் கொண்டு வருவதில்லை. எங்கோ படித்தோ பார்த்தோ பெறுகிறார்.

மாற்றத்தின் அறிகுறிகளையும் சொல்ல வேண்டும். 2023இல் வெளிவந்த 'காலா பானி' என்னும் இந்தித் தொடர், ஒராக்கா என்று ஒரு கற்பனைப் பழங்குடியை இத்தீவில் படைத்தது. கொள்ளை நோய் பரவும்போது அவர்களின் பழைய நினைவே அறிவாகிறது. 2004 ஆழிப்பேரலையின்போது ஓங்கியர் மேட்டு நிலம் ஏறித் தப்பிய வரலாறு இக்கற்பனைக்குப் பின்னணியாக இருத்தல் கூடும். தொடரில் நாடகப் பூச்சு மிகுதி. கதை பல கிளைகளில் அலைகிறது. ஆயினும் ஒராக்காக்கள் தமக்குள் கருத்து வேறுபட்டுப் பேசுகின்றனர். பந்தர்கள் நமக்கு ஒருநாளும் அவ்வாறு பேசிக் காட்டியதில்லை.

வேதாளரைப் பிள்ளைகளின் கையிலிருந்து பிடுங்குமாறு நான் சொல்லவில்லை. பிடுங்கினால் கட்டிலுக்கடியில் வைத்துப் படிப்பார்கள். அவ்வாறு படிப்பதே சுவை மிக்கது என்பதைப் பெரியவர்கள் அறிவர். அவரோடு சேர்த்துப் படிக்க வேறொன்றும் வேண்டும் என்பதே என் கருத்து. மொழியியலறிஞர் அன்விதா அப்பி பெரிய அந்தமானியரிடம் நேரிற் கேட்டுத் தொகுத்த கதைகளும் பாடல்களும் 2021இல் ஆங்கிலத்தில் நூலாயின. கதைகள் பத்து, பாடல்கள் நாற்பத்தாறு. முதல் மனிதனின் தோற்றத்தைச் சொல்லும் கதை அதில் உண்டு. மீனால் விழுங்கப்பட்டவனின் கதையும் மாந்தர் பறவைகளான கதையும் உண்டு. பறவைகளைத் தம் முன்னோராகக் கருதி அவற்றை உண்ணாதிருக்கும் ஒரு மக்கள் கூட்டத்தின் கதைகள் இவை. சிவகாசியின் ஓவியர் ஒருவருக்கு இவற்றைவிடப் பொருத்தமான கட்டங்கள் எளிதில் வாய்க்கா. இவற்றைத் தமிழில் கொண்டுவர முனைவோர்க்கு, ஊதுகுழலும் நச்சு அம்பும் வரையும் வேலை முற்றிலும் மிச்சம்.